ஓட்டையை அடைப்பது யார் வேலை?

“மாட் போட்டு விளையாடு மச்சி, எல்லாம் சரியாயிடும்.”

ஃபேண்டஸி ஆர்பிஜி பக்கம் புதிதாக எட்டிப் பார்க்கிற யாருக்கும் கிடைக்கிற முதல் அறிவுரை இதுதான். கேம் க்ராஷ் ஆகிறதா, மாட் போடு. மெனு கண்ணைக் கட்டுகிறதா, மாட் போடு. சண்டை சப்பென்று இருக்கிறதா, கூட வருகிற பாத்திரத்துக்கு நாலு வசனத்துக்கு மேல் பேசத் தெரியவில்லையா, எல்லாவற்றுக்கும் ஒரே கஷாயம். சொல்கிறவர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார். ஆனால் இந்த ஒரு வாக்கியம் இருபது வருடங்களாக இரண்டு தரப்புக்கு அநியாயம் செய்துகொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்று, காசு கொடுத்து கேம் வாங்குகிறவர்கள். இன்னொன்று, சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழித்து மாட் செய்கிறவர்கள். இரண்டிலும் லாபம் பார்ப்பது ஒரே ஆள், கேமை விற்ற நிறுவனம்.

கேம் விளையாடாத நண்பர்களுக்காகச் சுருக்கமாக. ஒரு வீடியோ கேம் வெளியான பிறகு அதை விளையாடுகிறவர்களே அதன் உள்ளே கைவைத்து, ஒன்றை மாற்றியோ, சேர்த்தோ, நீக்கியோ செய்கிற கோப்புக்குப் பெயர் மாட். ஒரு வாளின் நிறத்தை மாற்றுவதும் மாட்தான். ஒரு புதிய கண்டத்தையே வரைந்து, அதில் மனிதர்களைக் குடியேற்றி, அவர்களுக்குக் குரல் கொடுப்பதும் மாட்தான். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிற தூரத்தை ஒரே சொல் விழுங்கிவிடுகிறது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பம்.

உதாரணத்துக்கு ஸ்கைரிமையே எடுத்துக்கொள்கிறேன். பெதெஸ்டா நிறுவனத்தின் ‘எல்டர் ஸ்க்ரோல்ஸ்’ வரிசையில் ஐந்தாவது. 2011 நவம்பர் 11 அன்று வந்தது. ஆறு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றிருப்பதாக 2023-ல் அதன் இயக்குநர் டாட் ஹவர்ட் சொன்னார். இந்த வகை கேம்களில் மாட் உலகத்தின் தலைநகரம் இதுதான். எனக்கும் மிகப் பிடித்த கேம். பனி கொட்டுகிற மலைப்பாதையில் ஒன்றும் செய்யாமல் சும்மா நடப்பதற்காகவே இதைத் திறக்கிற ஆள் நான். பிடிக்காத கேமைப் பற்றி இவ்வளவு கோபப்பட எனக்கு நேரம் இல்லை.

ஸ்கைரிமின் மாட்களை மூன்றாகப் பிரிக்கலாம். முதல் வகை பிழை திருத்துவது. இரண்டாவது வகை கேமோடு விவாதம் செய்வது. மூன்றாவது வகை கேமைத் தளமாக வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றைப் படைப்பது. ‘மாட் கேமை மேம்படுத்துகிறது’ என்று பொதுவாகச் சொல்லும்போது இந்த மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிடுகிறோம். மூன்றுக்கும் நாம் காட்டவேண்டிய முகம் வேறுவேறு.

முதல் வகை. ஸ்கைரிம் மாட் பட்டியல் எதை எடுத்தாலும் தலையில் இருப்பது ‘அதிகாரபூர்வமற்ற பேட்ச்’. ரசிகர்கள் கூடி, நிறுவனம் விட்டுவைத்த பக்குகளை ஆயிரக்கணக்கில் தேடித் திருத்திய தொகுப்பு. விண்ட்ஹெல்ம் நகரத்தில் ஒரு தொடர்கொலைக் கதை உண்டு. துப்புத் துலக்குவதில் ஒரு படி முன்னே பின்னே போனால் கதை அப்படியே முடங்கிவிடும். கொலைகாரன் ஜாலியாகத் திரிவான். கேமில் இருந்த நல்ல கதைகளில் ஒன்று இப்படி. அதை ஓரளவுக்கு நடமாட வைத்தது இந்தப் பேட்ச். அடுத்து மெனு. பிசி பதிப்பின் மெனுகூட சோபாவில் சாய்ந்து கன்ட்ரோலர் பிடிக்கிறவருக்காக வரைந்ததுதான். பையில் நூறு பொருள் இருந்தால் திரையில் ஒரு கைப்பிடிதான் தெரியும். எடை என்ன, விலை என்ன என்று பார்க்க ஒவ்வொன்றாக உருட்டவேண்டும். எடை, விலை, தாக்கும் வலு எல்லாவற்றையும் பத்திபத்தியாகக் காட்டி, தேடவும் வழி செய்தது ஸ்கையூஐ என்ற மாட். கணினியில் கேம் விநாடிக்கு 60 ஃப்ரேமுக்கு மேல் வேகமாக ஓடினால் இயற்பியல் கணக்கு குழம்பி, மேசைமேல் இருக்கும் தட்டும் கோப்பையும் தானாக எகிறிப் பறக்கும். அதற்கும் ரசிகர்கள் தீர்வு எழுதினார்கள்.

2016-ல் ‘ஸ்பெஷல் எடிஷன்’ என்று மெருகேற்றிய பதிப்பு வந்தது. வெளிச்சம் அழகாகியிருந்தது. ஐந்து வருடம் ரசிகர்கள் பட்டியல் போட்டு வைத்திருந்த பிழைகளில் ஏராளமானவை அப்படியே இருந்தன. அந்தப் பதிப்புக்கும் ஒரு அதிகாரபூர்வமற்ற பேட்ச் தேவைப்பட்டது. நினைத்துப் பாருங்கள். பிழைத்திருத்தப் பட்டியலைப் பக்கத்து வீட்டுக்காரர் இலவசமாக எழுதிக் கையில் கொடுத்த பிறகும், பதிப்பாளர் அட்டையை மட்டும் மாற்றி அடுத்த பதிப்பு போடுகிறார். புத்தகம் என்றால் கிழித்துத் தொங்கவிட்டிருப்போம். கேம் என்றால் “மாட் இருக்கே!”

இதை நம் பதிப்பு மரபோடு ஒப்பிட்டுப் பெருமையாகப் பேசுகிற நண்பர்கள் உண்டு. பேட்ச் எழுதுகிறவர்கள் நவீன உ.வே.சா.க்கள் என்பார்கள். உழைப்பில் உவமை சரி. ஆனால் 1887-ல் உ.வே.சா. சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பாடம் எது என்று திருத்தக்கதேவரிடம் போய்க் கேட்க வழி இல்லை. ஏடும் செல்லரித்துப் போயிருந்தது. இங்கே ஆசிரியர் உயிரோடு இருக்கிறார். சம்பளம் வாங்கும் ஊழியர்கள் இருக்கிறார்கள். மூலப்பிரதி அவர் மேசையிலேயே இருக்கிறது. பிழை செல்லரித்ததால் வந்ததும் அல்ல.

ரசிகர்களின் திருத்தம் யாருக்குப் போய்ச்சேர்ந்தது என்றும் பார்க்கவேண்டும். 2011-ல் ப்ளேஸ்டேஷன் 3-ல் ஸ்கைரிம் வாங்கியவர்கள், சேவ் ஃபைல் பெருக்கப் பெருக்க கேம் நத்தையாகிவிடுவதைப் பார்த்தார்கள். அந்தக் கன்சோலில் மாட் போட வழியே கிடையாது. 2016-க்குப் பிறகு எக்ஸ்பாக்ஸ் ஒன், ப்ளேஸ்டேஷன் 4 இரண்டிலும் மாட் வந்தது. ஆனால் ப்ளேஸ்டேஷனில் கேமுக்குள் ஏற்கெனவே இருக்கிற படம், ஒலி, உருவங்களை மட்டும்தான் மாட்கள் பயன்படுத்தலாம். வெளியே இருந்து ஒரு குரல்கூடக் கொண்டுவர முடியாது. 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பில் மாட்டே இல்லை. ஆக “மாட் போட்டா சரியாயிடும்” என்பது, நல்ல கணினியும் நல்ல இணையமும் ரெண்டு நாள் உட்கார்ந்து நோண்டப் பொறுமையும் இருக்கிறவர்களுக்கான அறிவுரை. மற்றவர்கள் அதே கேமுக்குக் காசு கொடுத்துவிட்டு ஓட்டையோடு வாழவேண்டும். அவர்களிடம் போய் மாட்களின் மகிமையைப் பேசுவது, பஸ் வராத ஊர்க்காரரிடம் கார் வாங்கிக்கொள்ளச் சொல்வது மாதிரி.

“ஆசைப்பட்டுத்தானே செய்றாங்க? உனக்கு என்ன?” என்று கேட்பார்கள். ஆசைப்பட்டுத்தான் செய்கிறார்கள், சந்தேகமே இல்லை. கல்யாண வீட்டில் நண்பன் ஆசையாகப் பந்தி பரிமாறுகிறான், அது அன்பு. ஓட்டலில் காசு கொடுத்து உட்கார்ந்திருக்கும்போது பக்கத்து மேசைக்காரர் எழுந்து வந்து சாம்பாருக்கு உப்புப் போட்டால், அவர் நல்ல மனுஷர் என்பது உண்மை. அதை வைத்து ஓட்டலுக்கு அஞ்சு நட்சத்திரம் கொடுக்க முடியாது. நாம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். ஸ்கைரிம் பத்து வருடத்துக்கு மேல் வாழ்கிறது என்று புகழும்போது, அந்த ஆயுளில் எவ்வளவு யாருடைய உழைப்பு என்று பிரித்துச் சொல்வதே இல்லை.

இந்த உழைப்புக்குப் பணம் என்ற பேச்சு ஒரு முறை நேரடியாக வந்தது. 2015 ஏப்ரல் 23 அன்று, வால்வ் நிறுவனமும் பெதெஸ்டாவும் சேர்ந்து ஸ்டீம் கடையில் ஸ்கைரிம் மாட்களை விலைக்கு விற்கலாம் என்று அறிவித்தன. மாட் செய்தவருக்கு 25 சதவீதம். கடை வைத்திருக்கிற வால்வுக்கு 30. கேமை ஏற்கெனவே விற்றுக் காசு பார்த்துவிட்ட பெதெஸ்டாவுக்கு 45. ரசிகர்கள் கொதித்தார்கள். ஏப்ரல் 27 அன்று திட்டத்தை வாபஸ் வாங்கினார்கள். இதை ரசிகர்களின் வெற்றி என்று இன்றுவரை கொண்டாடுகிறோம். எனக்கு அதில் பாதி கசப்பு. 45 சதவீதத்தைப் பார்த்துக் கோபப்பட்டவர்கள் நியாயமானவர்கள். ஆனால் அந்தக் கூச்சலில் பெரும்பகுதி “மாட் என்றால் இலவசம்தான், காசு கேட்பது துரோகம்” என்பதாகத்தான் இருந்தது. திட்டத்தில் சேர்ந்த மாடர்கள் வாங்கிய வசை கொஞ்சமில்லை. நிறுவனம் முக்கால் பங்கு கேட்டால் பேராசை. நாம் முழுப் பங்கையும் இலவசமாகக் கேட்டால் அதற்குப் பெயர் சமூகமா?

2017-ல் நிறுவனம் வேறு வழியில் வந்தது. ‘க்ரியேஷன் கிளப்’ என்ற பெயரில், தான் தேர்ந்தெடுத்த சேர்க்கைகளைச் சின்னச் சின்ன விலைக்கு விற்க ஆரம்பித்தது. 2006-ல் ஆப்ளிவியனில் குதிரைக்கு ஒரு கவசத்தை 2.50 டாலருக்கு விற்றுச் சிரிப்புக்கு ஆளான அதே நிறுவனம்தான். பத்தாம் ஆண்டு நிறைவுக்கு 2021 நவம்பரில் ‘ஆனிவர்சரி எடிஷன்’ வந்தது. அதோடு வந்த அப்டேட், எஸ்கேஎஸ்ஈ என்ற அடிப்படை மாட்டையும் அதை நம்பியிருந்த ஏராளமான மாட்களையும் ஒரே ராத்திரியில் முடக்கியது. கேமின் மூலக்கோப்பில் ஒரு எழுத்து நகர்ந்தாலும் எஸ்கேஎஸ்ஈயைத் திரும்ப எழுதவேண்டும். கடையில் புதுச் சரக்கு இறங்கினால், சம்பளமில்லாத ஆட்கள் மறுபடி ராத்திரி விழிக்கவேண்டும். 2025 ஏப்ரலில் ஆப்ளிவியன் புதுப்பொலிவோடு மறுபடி விற்பனைக்கு வந்தபோது அதிகாரபூர்வமான மாட் வசதியே தரவில்லை. மாட்கள் நிறுவனத்தின் தயவில் நிற்கின்றன என்பது இதுதான்.

இனி இரண்டாவது வகை. நான் உண்மையில் காக்க விரும்புவது இதைத்தான்.

தூய்மைவாதிகள் சிலர் உண்டு. “படைப்பாளி கொடுத்தபடி விளையாடுவதுதான் மரியாதை, மாட் போட்டு விளையாடினால் நீ அந்தப் படைப்பையே விளையாடவில்லை” என்பார்கள். பிரதியைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு மூடிவைக்கிறவர்கள். எனக்கு வாசிப்பு என்பது விவாதம். சில மாட்கள் கேமை அவ்வளவு கூர்ந்து வாசித்திருக்கின்றன, பல விமர்சனக் கட்டுரைகள் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை.

ஃப்ராஸ்ட்ஃபால் என்ற மாட்டைச் சொல்கிறேன். ஸ்கைரிம் உறைபனி நாடு. ஊர் முழுக்கக் குளிரைப் பற்றித்தான் பேச்சு. ஆனால் நீங்கள் இடுப்புத் துணியோடு பனிக்கடலில் குதித்து நீந்தி, அப்படியே மலையேறிப் போகலாம். ஒரு தும்மல்கூட வராது. கேம் தன் உலகத்தைப் பற்றிச் சொன்னதை அதன் விதிகளே பொய்யாக்குகின்றன. ஃப்ராஸ்ட்ஃபால் அந்தப் பொய்யைப் பிடித்துக்கொண்டது. நனைந்தால் உடம்பு நடுங்கும், புயலில் நின்றால் சாவீர்கள் என்று ஒரே ஒரு விதியைச் சேர்த்தது. உடனே விறகுக்கு மதிப்பு வந்தது. வழியில் இருக்கிற சத்திரத்தின் விளக்கு வெளிச்சத்துக்கு ஒரு அர்த்தம் வந்தது. அதுவரை வெறும் காட்சியாக இருந்த பனி, கதாபாத்திரமாகிவிட்டது. இங்கே ஒரு பக்கும் சரியாகவில்லை. “நீ சொன்னதை நீயே நம்பவில்லை” என்று ஒரு வாசகர் படைப்பாளியிடம் சொன்னார், அவ்வளவுதான்.

இன்னொன்று, இனிகோ. ஸ்கைரிமில் உங்களோடு வருகிற லிடியாவுக்குச் சில வாக்கியங்கள்தான் தெரியும். சொத்தைச் சுமப்பாள், வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். இனிகோ ஒரு தனி மனிதர் எழுதி, தானே குரல் கொடுத்த பூனை இனத் தோழன். ஆயிரக்கணக்கான வரிகள். ரிஃப்டன் சிறையில் தானாகப் போய் உட்கார்ந்திருக்கிறான். உங்களைப் பார்த்ததும் அதிர்ந்துபோகிறான், ஏனென்றால் முன்பு ஒருநாள் உங்களைக் கொன்றுவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பவன் அவன். அந்தக் குற்றவுணர்ச்சியோடு கூட நடக்கிறான். லிடியாவைவிட வரி அதிகம் என்பது இங்கே முக்கியமில்லை. கூட வருகிறவனுக்கு உங்கள் கதைக்கு வெளியே ஒரு வாழ்க்கை இருந்திருக்கவேண்டும் என்பது ஒரு இலக்கிய நிலைப்பாடு. மூலத்தில் அந்த நிலைப்பாடு பலவீனம்.

ஸ்கைரிமுக்கு முன்னால் வந்த ஆப்ளிவியனில் இந்த விவாதம் இன்னும் வெளிப்படை. நீங்கள் பலசாலியாக ஆக உலகமும் கூடவே பலமாகும். கடைசியில் வழிப்பறிக்காரன் ஆயிரக்கணக்கில் விலை போகிற கண்ணாடிக் கவசம் போட்டுக்கொண்டு வந்து, உங்களிடம் 100 பொற்காசு கேட்டு மிரட்டுவான். அந்தக் கவசத்தை விற்றால் அவன் ஓய்வு பெற்றுவிடலாம்! ஆஸ்குரோஸ் ஆப்ளிவியன் ஓவர்ஹால் என்ற மாட் உலகத்தை உங்களிடமிருந்து விடுவித்தது. ஆபத்தான குகை நீங்கள் முதல் நாள் போனாலும் ஆபத்துதான். பலவீனமான கள்ளன் நூறாம் நாளும் பலவீனம்தான். உலகம் உங்களைச் சுற்றிச் சுழலவில்லை என்று ஒரு கேமுக்குச் சொல்லிக்கொடுப்பது சின்ன விஷயமா?

மூன்றாவது வகையைப் பற்றி நாம் பேசுவது குறைவு. ஜெர்மனியைச் சேர்ந்த ஷூர்ஏஐ குழு 2016-ல் வெளியிட்ட என்டரல், ஸ்கைரிமின் எஞ்சினில் ஓடுகிறது, ஆனால் நிலம், கதை, சமயம், குரல் எல்லாம் வேறு. இலவசம். ‘தி ஃபார்காட்டன் சிட்டி’ 2015-ல் ஒரு மாட்டாக வந்தது. ஒருவர் செய்த தவறுக்கு ஊரே தண்டனை பெறும் நகரம் ஒன்றைப் பற்றிய கதை. அடுத்த வருடம் ஆஸ்திரேலிய எழுத்தாளர் சங்கத்தின் விருதை வாங்கியது. 2021-ல் தனி கேமாகவே வந்துவிட்டது. ‘டாம்ரியல் ரீபில்ட்’ குழு 2001-லிருந்து, அதாவது மாரோவிண்ட் கேம் வெளியாவதற்கு முன்பிருந்தே, அந்த நாட்டின் பெருநிலத்தைக் கட்டிக்கொண்டிருக்கிறது. மூலத்தில் ஒரு தீவு மட்டும்தான் உண்டு. தொடங்கியவர்களில் பலர் போய்விட்டார்கள், புதியவர்கள் வந்து செங்கல் எடுத்து வைக்கிறார்கள். இவற்றைப் போய் ‘கேமை மேம்படுத்தும் சேர்க்கை’ என்று அழைக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மாட் உலகத்தை நான் கோவிலாக்கவில்லை. அங்கே குப்பையும் உண்டு. பெண் பாத்திரங்களின் உடையைக் குறைப்பதையே கலையாக வைத்திருப்பவர்கள் உண்டு. வழியில் கிடக்கிற கல்லுக்கு 8கே டெக்ஸ்சர் போட்டு, ஆயிரம் மாட்களை அடுக்கி, மூன்று வாரம் வரிசை பார்த்து, கடைசியில் ஹெல்கன் என்ற முதல் ஊரையே தாண்டாதவர்கள் உண்டு. பளபளப்பை மேம்பாடு என்று நம்புவதும் கடைக்காரரின் பாஷைதான். அதனால்தான் எதைப் பாராட்டுகிறோம் என்று பிரித்துப் பேசவேண்டியிருக்கிறது.

இதைச் செய்யவேண்டியது கேம்களை இலக்கியம்போல வாசித்து எழுதுகிற நாம்தான். ஒரு நாவலின் பிழை மலிந்த பதிப்பைப் பற்றி எழுதும்போது, அதை யாரோ திருத்தி வைத்திருக்கிறார்கள் என்று ஆறுதல் சொல்லி நாம் முடிப்பதில்லை. கேம் விமர்சனத்தில் மட்டும் அந்தச் சலுகை எதற்கு? ஒரு கேமைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால் கடையில் விற்கிற வடிவத்தை விளையாடி, அதற்கு மதிப்பெண் போடுங்கள். மெனு மோசம் என்றால் மோசம் என்று எழுதுங்கள். பின்னால் வந்த மாட் அந்த வாக்கியத்தை அழிக்கவேண்டாம். மாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், பரிந்துரைப் பட்டியலில் ஏழாவது எண்ணாகப் போட்டுவிட்டு நகராமல், அதைச் செய்தவரை ஒரு எழுத்தாளராக நினைத்து எழுதுங்கள். என்ன சொல்ல வந்தது, மூலத்தோடு எங்கே முரண்பட்டது, எங்கே தோற்றது. இனிகோவைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரை வந்தால், பத்து ‘சிறந்த மாட்கள்’ பட்டியலைவிட அது மேல்.

எல்டர் ஸ்க்ரோல்ஸ் ஆறாம் பாகத்தை 2018-ல் அறிவித்தார்கள். அது வருகிற அன்று என்ன நடக்கும் என்று இப்போதே சொல்லிவிடலாம். யாருக்கோ கேம் க்ராஷ் ஆகும். அவர் புலம்புவார். ஒரு நண்பர் தோளில் தட்டி “மாட் வரட்டும் மச்சி” என்பார். அந்த நண்பர் நீங்களாக இருந்தால், தயவுசெய்து அன்றைக்கு மட்டும் அதைச் சொல்லாதீர்கள். “காசைத் திருப்பிக் கேள்” என்று சொல்லுங்கள்.